நெக்ரோமான்சியிலிருந்து துலா வரை: மந்திர முறைக்குப் பெயர் வைக்கும் வேலை

நெக்ரோமான்சி என்றதும் பிணத்தை எழுப்பி நடக்கவிடும் மந்திரவாதிதான் கண்ணுக்குள் வருவான். அந்தச் சொல் பிறந்தபோது யாரும் பிணத்தை எழுப்பி நடக்கவிடவில்லை. கிரேக்கத்தில் நெக்ரோஸ் என்றால் பிணம், மன்டேயா என்றால் குறி கேட்பது. செத்தவரை அழைத்து ‘இனி என்ன நடக்கும்?’ என்று கேட்பதற்கு வைத்த பெயர் அது. நம் பக்கத்தில் மை போட்டுப் பார்ப்பது, சோழி உருட்டிப் பார்ப்பது என்கிறோமே, அந்த வரிசை. பைரோமான்சி நெருப்பைப் பார்த்துக் குறி சொல்வது. ஜியோமான்சி மண்ணில் இட்ட புள்ளிகளைப் பார்த்துக் குறி சொல்வது. இடைக்கால லத்தீனில் நெக்ரோ என்பது நிக்ரோ என்று திரிந்தது. லத்தீனில் நிகர் என்றால் கறுப்பு. பிணத்திடம் குறி கேட்டது அப்படித்தான் ‘கறுப்புக் கலை’ ஆனது. பிறகு கதைக்காரர்களும் விளையாட்டு உருவாக்கியவர்களும் ‘மான்சி’ என்ற வாலை மட்டும் அறுத்தெடுத்து, மந்திரம் என்ற பொருளில் எதனோடு வேண்டுமானாலும் ஒட்டத் தொடங்கினார்கள். இன்றைய பைரோமான்சர் நெருப்பை எறிகிறார். நெருப்பிடம் எதையும் கேட்பதில்லை.

ஒரு பெயருக்குள் அது முன்பு பார்த்த வேலை தங்கியிருக்கும். அந்தப் பழைய வேலையைக் கண்டுபிடித்துவிட்டால் மந்திரத்தின் விதிகளில் பாதி அதிலிருந்தே கிடைத்துவிடும். தெரியாமல் வைத்த பெயர் ஒரு பக்கம் இழுக்கும், கதை ஒரு பக்கம் போகும். நெருப்பிடம் கேள்வி கேட்டால் அது எப்படிப் பதில் சொல்லும், பொய் சொல்லுமா, ஒரு கேள்விக்கு எவ்வளவு விறகு தேவை என்று யோசித்துப் பாருங்கள். நெருப்பை எறியும் ஆளைவிட இந்த ஆளுக்குக் கதை நிறைய இருக்கிறது. இத்தனையும் அந்தப் பழைய சொல்லுக்குள் சும்மா கிடந்தது.

ஆகவே தமிழில் ஃபேன்டஸி எழுதுபவருக்கு வேலை இரண்டு. பிறர் வைத்த பெயர்களை உரித்துப் பார்க்கப் பழகுவது முதலாவது. அந்தப் பழக்கத்தை வைத்துத் தன் பெயரைக் கட்டுவது அடுத்தது.

பெயரை உரிப்பது

முதலில் விகுதியைக் கழற்றுங்கள். மேற்கத்தியக் கதைகளில் வரும் பெரும்பாலான கலைப்பெயர்கள் கிரேக்க, லத்தீன் பகுதியோடு ஒரு வாலைச் சேர்த்துக் கட்டியவை. மான்சி என்றால் குறி. அர்ஜி என்றால் வேலை. மெட்டலர்ஜியில் இருக்கும் அதே வால். கெமி ரசவாதத்திலிருந்து வந்தது. பிராண்டன் சாண்டர்சன் 2006-இல் தொடங்கிய மிஸ்ட்பார்ன் வரிசையில் உலோகத்தை வைத்து மூன்று கலைகள் உண்டு: அலோமான்சி, ஃபெருகெமி, ஹீமலர்ஜி. மூன்றாவதை உரித்தால் ஹைமா, அதாவது இரத்தம், பிறகு அர்ஜி. இரத்தவேலை. கதையிலும் ஒருவர் உடம்பில் உலோக ஆணியை அடித்து ஆற்றலைப் பிடுங்கி, அதே ஆணியை இன்னொருவருக்குள் இறக்குகிறார்கள். பெயரும் செயலும் பொருந்தி உட்கார்ந்திருக்கின்றன. இன்னொன்றையும் கவனியுங்கள். மூன்று கலைக்கும் மூன்று வெவ்வேறு வால். ஒரே வாலை மூன்றுக்கும் போட்டிருந்தால் நாலாவது அத்தியாயத்தில் வாசகருக்கு எது எது என்று குழம்பிப்போயிருக்கும்.

அடுத்து, பகுதியின் இன்றைய பொருளை விட்டுவிட்டுப் பழைய பொருளைத் தேடுங்கள். ஆங்கிலச் சொல் என்றால் சொற்பிறப்பு தரும் பெரிய அகராதி, தமிழ்ச் சொல் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், திராவிட வேர் என்றால் பரோவும் எமனோவும் தொகுத்த சொற்பிறப்பு அகராதி. இந்த மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் போதும். தேடினால் என்ன கிடைக்கும் என்பதற்குச் சில சொற்கள். மேஜிக் என்பது பழைய பாரசீகத்தில் பூசாரிக் கூட்டத்தைக் குறித்த மகுஷ் என்ற சொல்லிலிருந்து கிரேக்கம் வழியாக வந்தது. அதாவது பக்கத்து நாட்டுப் பூசாரிகள் செய்ததெல்லாம் கிரேக்கருக்கு மந்திரமாகப் பட்டது. மந்திரத்தால் மயக்குவதைக் குறிக்கும் என்சான்ட் என்பதற்குள் இருப்பது பாட்டு. மந்திரத்தைக் குறிக்கும் ஸ்பெல் என்றால் பழைய ஆங்கிலத்தில் பேச்சு, கதை. கிறித்தவர்கள் நற்செய்தி என்று சொல்லும் காஸ்பெல் என்ற சொல்லின் பின்பாதி இதுதான். வட ஐரோப்பாவின் பழைய எழுத்தைக் குறிக்கும் ரூன் என்றால் இரகசியம்.

ரூனைப் பார்த்தவுடன் தொல்காப்பியம் நினைவுக்கு வரவேண்டும். ‘நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம் என்ப’ என்கிறது செய்யுளியல். மறைத்து வைத்த மொழிதான் மந்திரம். யார் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்பதும் அந்த ஒரே நூற்பாவில் இருக்கிறது: நிறைமொழி உடையவர் சொல்ல வேண்டும், வேண்டுகோளாக இல்லாமல் ஆணையாகச் சொல்ல வேண்டும். ஒரு மந்திர முறைக்கு வேண்டிய மூன்று விதிகளை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன வரி வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

இன்னொரு பொருத்தம் அதைவிட அழகானது. மந்திர நூலைக் குறிக்கும் கிரிமுவார் என்ற பிரெஞ்சுச் சொல், இலக்கணத்தைக் குறிக்கும் கிராமேர் என்ற சொல்லின் திரிபு. ஆளை மயக்கும் கிளாமர் என்பதும் கிராமர் ஸ்காட்லாந்து வாயில் திரிந்ததுதான். எழுத்துத் தெரியாதவர்களுக்கு எழுத்துக் கற்றவனின் வேலை மந்திரமாகத் தெரிந்தது. தமிழில் செய்வினை என்ற சொல்லைப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் அது செயப்பாட்டுவினைக்கு இணையாக வரும் இலக்கணப் பாடம். தெருவில் அது வாசலில் எலுமிச்சம்பழம் கிடந்தால் வரும் பயம். வந்த வழி வேறு, வந்து சேர்ந்த இடம் ஒன்று. இலக்கணத்தையே மந்திரமாக்கி ஒரு கதை எழுத நினைப்பவருக்குப் பெயர் தயாராக இருக்கிறது.

மூன்றாவதாக, அந்தச் சொல்லைக் கதைக்குள் முதலில் யார் கொண்டுவந்தார், கொண்டுவரும்போது எதை மாற்றினார் என்று பாருங்கள். இதற்கு மானாவைவிட நல்ல பாடம் இல்லை. பசிபிக் தீவு மொழிகளில் வழங்கும் சொல் அது. நியூசிலாந்தின் மாவோரி மக்களிடம் அது ஒருவருக்கு இருக்கும் செல்வாக்கு, அதிகாரம், மதிப்பு. மெலனீசியாவில் மதப்பணி செய்த ராபர்ட் காட்ரிங்டன் 1891-இல் வெளியிட்ட நூலில் அதை விரிவாக எழுதினார்; மானிடவியல் படித்தவர்கள் வாயில் அது ‘இயற்கையை மீறிய ஆற்றல்’ என்ற பொதுச்சொல்லாகப் புழங்கத் தொடங்கியது. 1969-இல் லாரி நிவன் ஒரு சிறுகதையில் அதைத் தீர்ந்துபோகும் சரக்காக்கினார். ஓர் இடத்து மானாவைச் செலவழித்து முடித்துவிட்டால், பிறகு அந்த இடத்தில் எந்த மந்திரமும் பலிக்காது. கதையில் ஒரு சக்கரம் வரும்; மந்திரத்தால் அது மேலும் மேலும் வேகமாகச் சுழன்று, சுற்றியிருக்கும் மானா முழுவதையும் குடித்துவிடும். 1993-இல் வந்த மேஜிக்: தி கேதரிங் சீட்டு விளையாட்டில் மானா ஐந்து நிறமாகி நிலங்களிலிருந்து ஊறுகிறது. இன்று கணினி விளையாட்டில் அது பெரும்பாலும் திரையோரத்தில் குறைந்து ஏறும் ஒரு நீலப் பட்டை.

இந்தப் பயணத்தில் சொல்லின் உயிர் எங்கே போனது? செல்வாக்கு என்பது ஊர் ஒருவருக்குத் தருவது. நல்லது செய்தால் கூடும், அவமானப்பட்டால் குறையும். எண்ணெய் போலத் தீர்ந்துபோகும் பொருளுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. மந்திரம் எரிபொருளாக வேண்டும் என்றால் எரிபொருளைக் குறிக்கும் சொல்லையே எடுங்கள். மானாவைத்தான் எடுப்பேன் என்றால், மதிப்பிழந்தவனுக்கு மந்திரம் பலிக்காத உலகத்தை எழுதுங்கள். அந்தச் சொல்லை இன்றும் தினம் பேசுகிற மக்கள் இருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

இதே கதை நம் பக்கத்திலும் உண்டு. ஜப்பானியப் படக்கதையான நருடோ மங்காவில் (1999-இல் தொடங்கியது) உடலாற்றலும் மன ஆற்றலும் கலந்த சரக்குக்குச் சக்ரா என்று பெயர். அங்கிருந்து எடுத்துத் தமிழ்க் கதையில் ‘சக்ரா’ என்றே எழுதுகிறார்கள். அது நம்முடைய சக்கரம்தான். திருமந்திரம் பேசும் ஆதாரங்களின் வேறு பெயர். நம் வாசகருக்கு அது ஆற்றலின் பெயர் அல்ல, ஆற்றல் தங்கும் இடத்தின் பெயர். இந்த வேறுபாட்டைக் கதைக்குள் தீர்க்காமல் விட்டால் யோகம் தெரிந்த வாசகர் முதல் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

கடைசியாகச் சந்தேகம். ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக உறவு கொண்டாடக் கூடாது. அப்ரகடப்ரா ‘நான் சொல்லச் சொல்லப் படைக்கிறேன்’ என்ற அரமேய வாக்கியம் என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருப்பார்கள். அதற்குச் சான்று கிடையாது. உறுதியாகத் தெரிந்தது வேறு. செரீனஸ் சம்மோனிக்கஸ் என்ற ரோமானியர் தன் மருத்துவச் செய்யுளில், விட்டு விட்டு வரும் காய்ச்சலுக்கு இந்தச் சொல்லை வரிக்கு ஓர் எழுத்தாகக் குறைத்து முக்கோணமாக எழுதிக் கழுத்தில் கட்டச் சொல்கிறார். சொல் தேயத் தேயக் காய்ச்சலும் தேய வேண்டும். கதை எழுதுபவருக்கு அந்தப் பொய்யான மொழிபெயர்ப்பைவிட இந்த உண்மை எவ்வளவோ மேல். இதில் ஒரு முறை இருக்கிறது, எழுதிப் பார்க்கலாம்.

பெயர் வரும் மற்ற வழிகள்

எல்லாப் பெயரும் இப்படிப் பழஞ்சொல்லிலிருந்து வருவதில்லை. ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன் மொழியையே முதலில் வளர்த்தார். ஃபின்னிய மொழியின் சாயலில் ஒன்று, வெல்ஷ் மொழியின் சாயலில் ஒன்று. தொலைவைக் காட்டும் கல்லுக்குப் பலாந்திர் என்று பெயர் வந்தது பலன் (தொலைவு), திர் (பார்) என்ற, ஃபின்னியச் சாயலில் வந்த மொழியின் சொற்களிலிருந்து. இதற்கு ஓர் ஆயுள் வேண்டும். அவ்வளவு தேவையில்லை என்று காட்டியவர் உர்சுலா லெ குவின். 1968-இல் வந்த எர்த்சீ நாவலில் பொருள்களின் உண்மைப் பெயரைத் தெரிந்தவருக்கு அவற்றின்மேல் ஆட்சி. சுகியென் என்றால் கடல்நுரை: சுக் என்றால் இறகு, இனியென் என்றால் கடல். கடலின் இறகு. அந்த ஆதிமொழியில் நமக்குக் காட்டப்படும் சொற்கள் கொஞ்சம்தான், ஆனால் ஒரு கூட்டுச்சொல்லைப் பிரித்துக் காட்டியதும் முழு மொழியும் பின்னால் இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம். சொற்களைக் குறைவாக வைத்து, ஒன்றை மட்டும் வாசகர் கண்முன் பிரித்துக் காட்டுவது இதன் நுட்பம்.

சாதாரண வினைச்சொல்லையே எடுத்துப் பெயராக்குவதும் நல்ல வழி. 2005-இல் வந்த அவதார் கார்ட்டூன் தொடரில் நீர், நிலம், நெருப்பு, காற்றை ஆள்வதற்கு ‘வளைத்தல்’ என்றுதான் பெயர். குழந்தைக்கும் உடனே புரியும்.

ஒலிக்குறிப்பும் ஒரு வழி. டிராகன் குவெஸ்ட் விளையாட்டில் நெருப்பு மந்திரத்துக்கு மேரா, அதைவிடப் பெரியதற்கு மேராமி, அதற்கும் மேல் மேராசோமா. ஜப்பானியத்தில் நெருப்பு மேரா மேரா என்று எரியும். தமிழில் திகுதிகு என்று எரிவதுபோல. இரட்டைக்கிளவி இவ்வளவு மலிந்த மொழியில் எழுதிக்கொண்டு யாரும் இதைத் தொடாமல் இருப்பது பெரிய இழப்பு. திகு, கம, சள, நெறு, மள என்று ஒரு பாதியை மட்டும் எடுத்தால் பாதி தெரிந்த, பாதி மறைந்த பெயர் கிடைக்கிறது.

பெயரே வைக்காமல் விடலாமா? விடலாம், ஆனால் வாசகர்கள் வைத்துவிடுவார்கள். ஜாக் வான்ஸ் 1950-இல் எழுதிய கதைகளில் மந்திரவாதி மந்திரத்தை மனப்பாடம் செய்வான், சொன்னதும் மறந்துவிடும். அந்த முறையை 1974-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டு எடுத்துக்கொண்டது. விளையாடியவர்கள் அதற்கு வான்சியன் என்று ஆசிரியர் பெயரையே சூட்டிவிட்டார்கள்.

கட்டும் வேலை

முதலில் பெயரைத் தேடாதீர்கள். மந்திரத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எதை, எங்கிருந்து, எங்கே, அதற்கு விலை என்ன: இந்த நான்கும் பதினைந்து சொல்லுக்குள் வர வேண்டும். வரவில்லையென்றால் மந்திரம் இன்னும் உருவாகவில்லை. பெயர் வைத்தாலும் நிற்காது. ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு கடைசிவரை போவோம்: ‘ஓரிடத்து வெப்பத்தை எடுத்து வேறிடத்தில் ஊற்றுகிறார்கள், எடுத்த அளவுக்கு ஓர் ஆள் குளிர்ந்துபோகிறார்.’

அடுத்து, அந்த வாக்கியத்தின் வினையைப் பிடித்துக்கொண்டு, உலகத்தில் இதே வேலையைத் தினம் செய்யும் தொழில் எது என்று கேளுங்கள். இங்கே வினை எடுத்து ஊற்றுவது. கிணற்றடி வேலை. முகத்தல், மொள்ளுதல், இறைத்தல், ஏற்றம், சால், கமலை, துலா, பட்டை என்று இருபது சொல்லாவது எழுதிக்கொள்ளுங்கள். முதல் ஐந்து எல்லாருக்கும் தோன்றுவதாக இருக்கும். நல்லது பத்துக்கு மேல்தான் வரும்.

இனிச் சலிப்பது. முகத்தலிலிருந்து முகவை என்று ஒரு பெயர் வருகிறது, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முகவை என்றால் இராமநாதபுரம். ‘முகவையில் தேர்ந்தவன்’ என்று எழுதினால் வாசகர் பேருந்து ஏறிவிடுவார். மொண்டு என்பதிலிருந்து மொண்டி? பல ஊர்களில் அது வசைச்சொல். இறைப்பு? எழுவாயாக நிற்கும்போது குற்றமில்லை. இரண்டாம் வேற்றுமை சேர்த்தால் ‘இறைப்பை’, காதில் இரைப்பை. ‘அவள் இறைப்பைக் கற்றாள்’ என்று ஒலிப்புத்தகத்தில் கேட்பவர் மருத்துவக் கல்லூரியை நினைப்பார். இறவை? பாசனச் சொல்லாக இன்றும் புழங்குகிறது, ஆனால் இரவு என்பதோடு ஐ சேர்ந்தால் இரவை. பேச்சில் றகரத்தையும் ரகரத்தையும் பெரும்பாலோர் பிரிப்பதில்லை.

பெயர்கள் பெரும்பாலும் உடைவது இங்கேதான், வேற்றுமையில். ஆங்கிலத்தில் பெயர் கடைசிவரை ஒரே உருவத்தில் நிற்கும். தமிழில் அது ஒவ்வொரு வாக்கியத்திலும் உருமாறும். ஆகவே ஐ, ஆல், கு, இன், இல் என்ற ஐந்தையும் சேர்த்து எழுதி, சத்தமாகப் படித்துப் பாருங்கள். ஆவில் முடியும் பெயரும் ஐயில் முடியும் பெயரும் பெரும்பாலும் தப்பிக்கும். வ் அல்லது ய் இடையில் வந்து பெயரின் வடிவத்தைக் காப்பாற்றிவிடும். மகர ஈறு தேய்ந்து அத்து வரும்: ‘மிதியம்’ என்று வைத்தால் ‘மிதியத்தால்’ ஆகும், பெயரின் முகமே மாறும்.

துலாவுக்கு வருவோம். துலாவை, துலாவால், துலாவுக்கு, துலாவின், துலாவில். குறையில்லை. பக்கத்தில் துலாம் ராசி இருக்கிறது. இருக்கட்டும், இரண்டும் தராசு என்ற ஒரே மூலத்தைச் சேர்ந்தவை, பொருளுக்கு வலுத்தான் சேர்கிறது. இனி அந்தத் தொழிலைக் கிட்டப்போய்ப் பாருங்கள். யாழ்ப்பாணத்துத் துலாக்கிணற்றில் ஆடுகாலின்மேல் துலா என்ற நீண்ட மரம் கிடக்கும். ஒரு முனையிலிருந்து தொங்கும் துலாக்கொடியில் பனையோலைப் பட்டை கட்டியிருக்கும். கீழே ஒருவர் பட்டையைப் பிடித்து இறைப்பார். மேலே துலாமரத்தில் இன்னொருவர் முன்னும் பின்னும் நடப்பார். கிணற்றுப் பக்கம் நடந்தால் பட்டை இறங்கும், பின்னால் நடந்தால் ஏறும். அதற்குத் துலா மிதிப்பது என்று பெயர். மேலே நடப்பவருடைய உடல் எடைதான் தண்ணீரைத் தூக்குகிறது.

மந்திரத்தின் விதிகள் இதிலேயே வந்துவிட்டன. துலா தனியாளாகச் செய்யும் கலை அல்ல. இறைப்பவர் ஒருவர், மிதிப்பவர் ஒருவர். வெப்பம் இறைப்பவர் கைக்கு வருகிறது. குளிர் மிதிப்பவர் உடம்பில் ஏறுகிறது. பிடிமானம் இல்லாமல் செய்ய முடியாது, ஆகவே ஆடுகால் என்ற மையப்பொருள் ஒன்று வேண்டும். ஒரு பட்டை, இரண்டு பட்டை என்று அளவும் கிடைத்துவிட்டது. இருவருக்கும் இடையிலான பிணைப்புக்குப் பெயர் கொடி. விபத்துக்குப் பெயர் கொடியறுதல். மிதிப்பவரைக் கேட்காமல் யாரோ ஒருவரின் உடம்பிலிருந்து வெப்பத்தைத் திருடுபவனை ஊர் ‘ஒற்றைத்துலா’ என்று ஏசும். ஒரு வசைச்சொல் கிடைத்துவிட்டால் அந்த மந்திரம் ஊருக்குள் குடியேறிவிட்டது என்று நம்பலாம்.

குடும்பத்துக்கு ஆறேழு சொல் போதும்: கலை, செய்பவர், விலை கொடுப்பவர், கருவி, அளவு, விபத்து, வசை. எல்லாம் ஒரே தொழிலிலிருந்து வர வேண்டும். கலைக்குத் துலா, செய்பவருக்கு மேஜ் (மந்திரவாதி என்பதற்கான ஆங்கிலச் சொல்), அளவுக்கு மானா என்று மூன்று ஊர்ச் சொல்லைக் கலந்தால் தையல் தெரியும்.

செய்பவரைக் குறிக்கும் சொல்லில் இங்கே ஒரு தனி ஆபத்து உண்டு. ‘மிதியர்’ என்று அர் விகுதியோடு வைத்தால் தமிழ்க் காதுக்கு அது சாதிப்பெயர்போல் கேட்கும். பிறப்பால் வரும் மந்திரம் என்றால் அதுவே சரி. கதையே அந்த அநீதியைப் பற்றியது என்றால் இன்னும் சரி. கற்றுக்கொள்ளும் கலை என்றால் மிதிப்பவர், மிதிகாரர், மிதியாள் என்று வினையைத் தெரியவிடுங்கள். வைத்த பெயர் உண்மையில் ஒரு சமூகத்தின் பெயராக இருக்கிறதா என்று தமிழ்நாடு, ஈழம், மலேசியா மூன்று பக்கமும் ஒவ்வொருவரைக் கேட்டுவிடுவது அவசியம். வட்டாரக் கெட்டவார்த்தைகளும் அப்போதே தெரிந்துவிடும்.

எழுத்தே தரும் உதவி

தமிழ் இலக்கணம் பெயர் கட்டுபவருக்குச் சில கருவிகளைச் செய்து வைத்திருக்கிறது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவை தமிழ்ச் சொல்லின் முதலில் வாரா. எனவே லோமர் என்று ஒரு பெயர் வந்தாலே அது வெளியார் பெயர். உள்ளூர் ஆட்கள் வாயில் அது உலோமர் ஆகட்டும், லோபி உலோபி ஆனதுபோல. ஒரு வரி விளக்கம் இல்லாமலே யார் எந்த நாட்டவர் என்பது பேச்சில் தெரிந்துவிடும். ஜ, ஷ, ஸ, ஹ இன்னொரு அடுக்கைக் காட்டும். நம் மாந்திரீகச் சொற்களிலேயே இந்தப் பிளவு இருக்கிறது: ஏட்டில் வசியம், தம்பனம், உச்சாடனம், மாரணம் என்று வடசொல், தெருவில் ஏவல், கட்டு, செய்வினை என்று தமிழ் வினை. கதையில் அரண்மனைக்கு ஒன்றும் தெருவுக்கு ஒன்றுமாக ஒரே கலைக்கு இரண்டு பெயர் வைத்துப் பாருங்கள்.

பெயரைப் பழையதாக்க மரூஉ இருக்கிறது. தஞ்சாவூர் தஞ்சை ஆனதுபோல, புதுச்சேரி புதுவை ஆனதுபோல நீண்ட கூட்டுச்சொல்லை முதலில் முழுதாகக் கட்டி, பிறகு தேயுங்கள். துலாவாடுகால் என்ற இடம் இருநூறு ஆண்டு வழக்கில் துலாடுகால் ஆகும், அப்புறம் துலாடு. நேராகத் துலாடு என்று கற்பனை செய்தால் வராத ஒரு பாரம் இப்படித் தேய்த்தால் வரும். முழுப்பெயரைக் கதையில் எங்கோ ஒரு கல்வெட்டில் மட்டும் காட்டினால் போதும்.

ஒலி துல்லியமாக இருக்க வேண்டிய மந்திரம் என்றால் க, ச, ட, த, ப-வில் தொடங்கும் புதுச்சொல்லைத் தவிர்ப்பது நல்லது. ஒரே எழுத்துக்கு இரண்டு ஒலி. பாவம் என்று எழுதியதை ஒருவர் குற்றம் என்று படிப்பார், ஒருவர் நாட்டியத்தின் பாவம் என்று படிப்பார். எழுத்துப் பிசகினால் உயிர் போகும் என்ற கதையில் வாசகரே பிசகாகப் படித்துக்கொண்டிருக்கக் கூடாது. ம, ந, வ, ய, உயிரெழுத்துகளில் தொடங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

கதைக்குள் வைப்பது

வேலையை முதலில் காட்டுங்கள், பெயர் பிறகு வரட்டும். ஒருவர் கையில் இரும்பு சிவக்கிறது, பத்தடி தள்ளி இன்னொருவரின் உதடு நீலமாகிறது. அந்த இரண்டாமவரின் தாய் ஓடிவந்து, ‘போதும், துலாவை நிறுத்து, எம்புள்ள வெறச்சுப்போறான்’ என்று கத்தட்டும். வாசகருக்குப் பெயரும் தெரிந்துவிட்டது, விலையும் தெரிந்துவிட்டது. முதல் அத்தியாயத்தில் புதுச்சொல் மூன்றுக்கு மேல் வேண்டாம். அளவும் வசையும் பிறகு தாமாக வந்து சேரும். ‘துலா என்பது’ என்று தொடங்கும் வாக்கியம் எழுத நேர்ந்தால் அந்தக் காட்சியைத் திரும்ப எழுத வேண்டும் என்று பொருள்.

அச்சுக்குப் போகுமுன் ஒரு தாள் தயார் செய்து மெய்ப்புத் திருத்துபவர் கையில் கொடுங்கள். அதில் ஒவ்வொரு பெயரும் அதன் ஐந்து வேற்றுமை உருவமும் இருக்க வேண்டும். அடுத்து வல்லினம் மிகுமா என்பதும் இருக்க வேண்டும். துலாக்கொடி என்று ஒரு பக்கத்திலும் துலா கொடி என்று இன்னொரு பக்கத்திலும் வந்தால் வாசகர் இரண்டையும் வேறு வேறு பொருளாக எடுத்துக்கொள்வார். அந்தத் தாள் இல்லையென்றால், நல்லெண்ணத்தோடு ஒருவர் உட்கார்ந்து துலாவை எல்லாம் துலாம் என்று திருத்திவிடுவார். புத்தகம் முழுக்க மந்திரவாதிகள் ராசிபலன் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.